கடல் கொண்டுபோகாத நாவல்

அவர் ஓட்டிய பஸ்ஸில் உள்கண்ணாடி வேறு மாதிரி இருக்கும். டிரைவர் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் அந்த நீளக் கண்ணாடியில் மற்றவர்கள் படிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். இவர் அதைக் கொஞ்சம் கீழே சாய்த்து வைத்திருந்தார். அதில் எங்கள் முகங்கள் தெரியும். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை அவருடைய கண்கள் கண்ணாடி வழியாக நம் கண்களைத் தொட்டுவிட்டுப் போகும். வண்டியை விட்டு இறங்கிவிட்டால் அந்த மனிதர் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். தரையைப் பார்த்தபடிதான் பேசுவார். கண்ணாடியில் அப்படிப் பார்க்கிறவர் நேரில் ஏன் பார்ப்பதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரு உறுத்தலாகவே இருந்தது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு நான் செய்ததைச் சொல்லப் போகிறேன். பெயர் என்னுடையது வந்தால் போதும், அதுகூட இந்த வயதில் யாருக்கும் தேவையில்லை. அந்த நாளில் நான் அவரை ‘ஏம்பா’ என்றும் ‘நீ’ என்றும்தான் கூப்பிட்டேன். என்னைவிட நான்கைந்து வயது சிறியவர். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். தாமதமான மரியாதைதான்.

தொண்ணூறுகளில் நான் கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வீடு செங்கல்பட்டில். காலை ஏழேகாலுக்கு ஸ்டாஃப் பஸ் கிளம்பும். திருக்கழுக்குன்றத்தில் ஐந்து நிமிடம் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகும். மாலை அதே வழியில் திரும்பும். ஒப்பந்த வண்டி, ஒப்பந்த டிரைவர். திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஏரி வறண்டுபோன ஒரு வருஷம் அவர் லாரிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸுக்கு வந்தவர்.

ஸ்டாஃப் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, சீட்டு எண் கிடையாது. ஆனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது கல்லில் வெட்டியது போல இருக்கும். புதிதாக ஒருவர் வந்து தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் வண்டியே ஒரு மாதிரி ஆகிவிடும். வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்துக்காரர் பக்கத்தில் நின்று இருமுவார். அவ்வளவுதான். வராத நாளில்கூடப் பக்கத்து ஆள் கைக்குட்டை போட்டு இடத்தைக் காப்பாற்றுவார். பதவி உயர்வை விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தவர் யாரையும் தெரியாது.

எனக்கு இடது பக்கம் நான்காவது ஜன்னல். பக்கத்தில் சம்பத். அவர் கணக்குப் பிரிவு, ஊரில் எந்த விஷயமும் அவர் காதுக்கு வராமல் போகாது. டிரைவரைப் பற்றி முதலில் எனக்குள் சந்தேகத்தைப் போட்டவர் அவர்தான். “இந்த ஆளு யாருக்கோ வேலை பார்க்கிறான் சார். சும்மாவா கண்ணாடியை இப்படித் திருப்பி வெச்சிருக்கான்? யார் யாரோட பேசறா, யார் லேட்டா வரா, எல்லாம் போகுது மேலே” என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸில் அலுவலக விஷயம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

சம்பத்தின் பேச்சுக்கு வலுச் சேர்க்கிற மாதிரி ஒன்று நடந்தது. எங்கள் வண்டியில் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை, வழியில் உடைந்துபோன ஒரு சின்னப் பாலம் வந்ததும் டிரைவர் வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த நாளும் அப்படியே. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் அதை அப்போதுதான் மாமியாரிடமே சொல்லியிருந்தாள். நன்றி சொல்வதற்குப் பதில் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு மாதம் கணவரின் ஸ்கூட்டரில் போனாள். யார் சொன்னது உனக்கு என்று நான் டிரைவரைக் கேட்டேன். “யாரும் சொல்லல சார். ஜன்னல்ல சாஞ்சிகினு வருவாங்க. இப்ப கம்பியப் புடிச்சிகினு வராங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பகல் முழுக்க அவருக்கு வேலை இல்லை. எங்களை இறக்கிவிட்டு மாலை வரை வண்டியைச் சவுக்குத் தோப்போரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடுவார்கள், தூங்குவார்கள். இவர் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பார். இதையும் சம்பத் தான் கண்டுபிடித்து வந்து சொன்னார், ரிப்போர்ட் எழுதுகிறான் என்று. ஒரு நாள் மதியம் நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நடந்து போனேன். என்னைக் கண்டதும் அவர் தாள்களை மடியில் கவிழ்த்துக்கொண்டார். நான் நகரவில்லை.

“இன்னா சார், பாக்கணுமா?” என்றார். “கதை சார். நாவல். நீங்க படிச்சவரு, சிரிக்க மாட்டீங்கன்னா சொல்றேன்.”

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்ன கதை இது.

பூமியில் இதுவரை பிறந்து செத்த அத்தனை பேரும் ஒரே நொடியில் கண் விழிக்கிறார்கள். பூமியில் இல்லை, வேறு ஓர் உலகத்தில். அங்கே இரண்டு சூரியன். அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல், எது தன்னுடையது என்று எவனுக்கும் நிச்சயமில்லை. வெள்ளை மணல்வெளி. அதில் எல்லோரும் வரிசை வரிசையாக ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். செத்த வரிசைப்படி இடம். முன்னால் இருப்பவன் உனக்குக் கொஞ்சம் முன்னால் செத்தவன், பின்னால் இருப்பவன் உனக்கு அடுத்தபடி செத்தவன். ராஜாவுக்குப் பக்கத்தில் அதே நொடியில் காலராவில் போன கூலிக்காரி இருப்பாள். பெண்டாட்டி இருபது வருஷம் தள்ளி இருப்பாள். பசி இல்லை, தூக்கம் இல்லை. என்றைக்கோ ஒரு நாள் எல்லாம் கிளம்பும் என்று ஒரு நம்பிக்கை. எங்கே என்று தெரியாது. தன் ஆட்களைத் தேடி எழுந்து போகலாம், தடையில்லை. ஆனால் எழுந்த உடனே அந்த இடத்தை மணல் மூடிவிடும். கிளம்பும் நேரத்தில் இடத்தில் இல்லாதவனை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம்.

கேட்டதும் எனக்கு வந்த முதல் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு நின்ற ஒரு பஸ் டிரைவருக்கு இது எப்படித் தோன்றும், எங்கிருந்தோ எடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்புறம்தான் அது எங்கள் பஸ் என்று புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வியின் காரணமும் புரிந்தது. சிக்னலில் நிற்கும்போது, மாடு குறுக்கே வரும்போது, கண்ணாடியில் ஒருவரைப் பார்த்துக் கேட்பார். “செத்து முழிச்சிக்கினீங்கன்னு வெச்சுக்கோங்க. மொதல்ல யாரைத் தேடிப் போவீங்க?” சிலர் திட்டினார்கள். சிலர் ஒரு வாரம் யோசித்துப் பதில் சொன்னார்கள். தட்டச்சுப் பிரிவில் கணவரை இழந்த ஒரு அம்மாள் இருந்தார். அவர் பதிலே சொல்லவில்லை. பத்து நாள் கழித்து இறங்கும்போது படியில் நின்று, “நான் யாரையும் தேடப் போறதில்லை. என்னை யாரும் தேடாம இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். டிரைவர் கியரைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுடைய கணவர் நல்லவர் என்றுதான் அத்தனை வருஷமும் நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம்.

ஒரு இளம் இன்ஜினியர் மட்டும் விடவில்லை. இத்தனை பேரையும் எழுப்பியது யார், எந்தத் தொழில்நுட்பம், அதைச் சொல்லாவிட்டால் அது விஞ்ஞானக் கதையே இல்லை என்று வாதாடினான். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, “தம்பி, நீ தினம் இந்த வண்டில ஏறுற. என்னிக்காவது ஓட்டறது யாருன்னு பாத்துட்டு ஏறினியா?” என்று கேட்டார். வண்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதன் மறுபக்கமும் உண்மை. ஓட்டுகிறவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா கோயில் காரியத்தில் இருந்தவர். அவர் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. எனக்குப் பத்து. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். நான் எம்.ஏ. வரைக்கும் படித்தேன். எனக்கு வேலை கிடைத்து, கல்யாணம் ஆன பிறகு அவனிடம் குடி வந்தது. மண்டியில் விரட்டினார்கள். என் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சத்தம் போட்டான். மூன்றாவது தடவை நான் கதவைத் திறக்கவில்லை. பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று நானாக விசாரிக்கவில்லை.

ஒரு மாலை திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. கூடையில் அவித்த வேர்க்கடலையுடன் ஒருவன் ஜன்னல் ஜன்னலாக வந்தான். மூன்றாவது ஜன்னலுக்கு வரும்போதுதான் அது அண்ணன் என்று தெரிந்தது. நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தேன். அவன் என் ஜன்னலில் நின்று, “கல்ல, சூடா கல்ல” என்றான். சம்பத் வேண்டாம் என்று சொன்னார். அவன் நகர்ந்து போனான். வண்டி கிளம்பிய பிறகு நிமிர்ந்தேன். கண்ணாடியில் டிரைவரின் கண்கள் இருந்தன.

மறுநாளிலிருந்து நான் வலது பக்கம், உள்பக்க சீட்டுக்கு மாறிக்கொண்டேன். ஜன்னல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். ஒன்பது வருஷம் உட்கார்ந்த இடத்தை ஒருவன் விட்டுக்கொடுத்தால் அது அந்த வண்டியில் பெரிய செய்தி. எல்லோரும் கேட்டார்கள். டிரைவர் மட்டும் கேட்கவில்லை.

அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அதற்குச் சில மாதம் கழித்து. “சார், நீங்க யாரைத் தேடுவீங்க?” நான் தயாராக இருந்தேன். அம்மாவை என்றேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, “அம்மா மட்டுந்தானா சார்?” என்றார். நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் இரண்டாயிரத்து ஒன்றில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்தான். செய்ய வேண்டியதைச் செய்தேன். அலுவலகத்தில் தூரத்து உறவு என்று ஒரு நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். அந்த வருஷமே கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கடலுக்குக் கொஞ்சம் உள்ளே, தரைத்தளம். என் மனைவி கமலாவுக்கு அந்த வீடு பிடித்துப்போனது. பஸ் பயணம் எனக்கு முடிந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கண்ணாடியிலிருந்து தப்பித்தேன் என்று நிம்மதியாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்து ஐப்பசி மாதத்தில் ஒரு மதியம் அவர் வீட்டுக்கு வந்தார். ரெக்ஸின் துணியில் சுற்றிய ஒரு பெரிய கட்டு. நாவல் முடிந்துவிட்டது, நான் பிழை பார்த்து எனக்குத் தெரிந்த பத்திரிகை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்.

“இல்ல சார். ஜெராக்ஸ் கடைல குடுத்தா அவன் ஒக்காந்து படிப்பான். பத்து வருசம் எழுதினது. உங்ககிட்டதான் குடுக்கறேன்.”

கமலா காபி கொடுத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, இரண்டு தடவை தெருமுனையிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே படிக்க ஆரம்பித்தேன். பிழைகள் இருந்தன. ஆனால் நான் வாழ்நாளில் எத்தனையோ பேருடைய எழுத்தை மொழிபெயர்த்திருக்கிறேன், எது உயிருள்ளது என்று எனக்குத் தெரியும். விழித்தவர்களுக்குள் எழும் சந்தேகங்களை அவர் எழுதியிருந்த விதம் அபாரம். பக்கத்தில் இருப்பவனிடம் முதலில் கேட்பது, நீ எப்போது செத்தாய் என்பதுதான். இரண்டாவது கேள்வி, நீ சொல்வது நிஜமா. அம்மா என்று ஒருவன் கட்டிக்கொண்டால் அவள் அவனைத் தள்ளி நிறுத்தி, என் பிள்ளைதான் என்று எப்படி நம்புவது என்று கேட்கிறாள். அதைப் படித்துக் கமலாவிடமே சொல்லிச் சொல்லி வியந்தேன்.

பதினேழாவது அத்தியாயத்தில் ஒருவன் வந்தான். கண்ணாடி போட்டவன், படித்தவன். தன் இடத்தில் கவனமாக உட்கார்ந்திருக்கிறான். தூரத்தில் ஒருவர் வரிசை வரிசையாக நடந்து வருகிறார். தன் இடத்தை விட்டுவிட்டு வந்தவர். ஒவ்வொருவரிடமும் நின்று, என் தம்பி இங்கே இருக்கானா என்று கேட்கிறார். இவன் அவரைப் பார்த்துவிடுகிறான். உடனே குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அவர் அவனுக்கு எதிரே வந்து நின்று, இது வேறு யாரோ போல என்று தாண்டிப் போகிறார்.

அந்தப் பக்கத்தோடு கட்டை மூடினேன். அதற்கு மேல் படிக்கவில்லை.

குனிந்ததை அவர் பார்த்தார், சரி. கடலை விற்றவன் என் அண்ணன் என்று யார் சொன்னது? எனக்காக அவன் தன் இடத்தை விட்டவன் என்பது எப்படித் தெரியும்? கமலாவைக் கேட்டேன். காபி கொடுக்கும்போது என்ன பேசினாய் என்று குறுக்கு விசாரணை செய்தேன். அவள் அழுதாள். சம்பத் எங்கோ தோண்டி எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு, அண்ணனே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. தினம் அந்த ஐந்து நிமிடம் டிரைவரும் கடலைக்காரனும் அதே இடத்தில்தானே நின்றார்கள். அப்படியானால் அண்ணன் என்னைப் பார்த்திருக்கிறான். இந்த எண்ணத்தை என்னால் தாங்க முடியவில்லை. இது அச்சில் வந்தால் வண்டியில் வந்த ஐம்பது பேருக்கும் அது யார் என்று புரியும். கட்டை ஒரு பழைய பெட்டியில் வைத்து, பெட்டியை லாஃப்டில் ஏற்றினேன்.

அவர் இரண்டு தடவை வந்து கேட்டார். படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை வருவதற்குள் அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று காலை நாங்கள் செங்கல்பட்டில் கமலாவின் தங்கை வீட்டில் இருந்தோம். கடல் உள்ளே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது யாரும் முதலில் நம்பவில்லை. மூன்றாம் நாள்தான் திரும்ப முடிந்தது. தெரிந்தவர்கள் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் இடுப்புக்குக் கீழே வரைக்கும் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருந்தது. தரை முழுக்கச் சேறு. நாங்கள் வாசலில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது அவர் மண்வெட்டியோடு வந்தார். ஞாயிறன்று பகல் முழுக்கத் தன் வண்டியில் ஆட்களை ஏற்றித் திருக்கழுக்குன்றத்தில் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

சேற்றை வாரி வெளியே கொட்டிக்கொண்டே, “நம்ம வண்டில வந்த ரெண்டு பேரு போயிட்டாங்க சார். புதுப்பட்டினத்துல இன்னும் எத்தினியோ பேரு. எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதான் ஒக்காந்துகினு இருப்பாங்க. வேற தேசத்து ஆளுங்களும் கூட. பாஷை தெரியாம இன்னா பண்ணுவாங்களோ” என்றார். அவர் தன் நாவலைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அடுத்த நொடியில் நான் சொன்னேன்.

“உன் நாவல் மேஜை மேல இருந்துதுப்பா. கடல் கொண்டுபோயிடுச்சு.”

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். தலையை நிமிர்த்தி, என் முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சுவரில் இருந்த கோட்டைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து கமலா குரல் கொடுத்தாள். “லாஃப்ட்ல ஒரு பெட்டி இருக்கு, கொஞ்சம் இறக்கித் தரீங்களாப்பா? அதுலதான் காஞ்ச துணி இருக்கும்.” கட்டு அதில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் இறக்குகிறேன் என்று முந்தினேன். அதற்குள் அவர் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, நெஞ்சில் அணைத்தபடி இறங்கி, என் கையில் கொடுத்தார். திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“கடல் எடுத்ததுன்னா வுடுங்க சார். மனுசன் எடுத்திருந்தாதான் திரும்பிக் கேக்கணும்.”

அவருக்குத் தெரிந்ததா, தெரியாதா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று மாலை வரை இருந்து வீட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊரே பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த நாளில் ஒரு கட்டுக் காகிதத்தைப் பற்றி யார் சந்தேகப்படுவார்கள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். பிறர் துக்கத்தை என் பொய்க்குச் சாட்சியாக வைத்தேன். நான் செய்தவற்றில் இதுதான் மோசமானது. ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்ததுகூட இதற்கு அடுத்தபடிதான்.

பிறகு அவர் வண்டியின் ஒப்பந்தம் முடிந்தது. நான் ஓய்வு பெற்றுச் செங்கல்பட்டுக்குத் திரும்பினேன். கமலா போய்ச் சேர்ந்தாள். அவளுடைய புடவைகளைத் தங்கைக்குக் கொடுப்பதற்காகப் பெட்டிகளைத் திறந்தபோது அந்த ரெக்ஸின் கட்டு கையில் வந்தது. என்னை வேவு பார்க்க வீட்டில் யாரும் இல்லை. விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

அண்ணன் தாண்டிப் போகிறார். அந்தப் படித்தவன் வெகுநேரம் குனிந்தே இருக்கிறான். பிறகு தலையைத் தூக்குகிறான். தூரத்தில் அண்ணனின் முதுகு சின்னதாகத் தெரிகிறது. அவன் தன் இடத்தைத் தடவிப் பார்க்கிறான். எழுந்துவிடுகிறான். மணல் மூடிக்கொள்கிறது. இரண்டு நிழலும் கூடவே ஓட, அண்ணா அண்ணா என்று கத்திக்கொண்டு ஓடுகிறான். அவர் திரும்புகிறார். அத்தியாயம் அங்கே முடிகிறது. நான் மூடிய பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் ஆறே தாள். என்னைக் காட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்து அந்த ஆறு தாளை நான் ஐந்து வருஷம் இருட்டில் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் கட்டை எடுத்துக்கொண்டு அவருடைய கிராமத்துக்குப் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்தேன். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. “வாங்க சார்” என்று எழுந்தார். உள்ளே குரல் கொடுத்து டீ போடச் சொன்னார். நான் உட்காராமல் கட்டை நீட்டினேன். வழியெல்லாம் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் வந்தது ஒரு வரிதான்.

“கடல் கொண்டுபோகலை. நான்தான் வெச்சிருந்தேன்.”

அவர் ஆச்சரியப்படவில்லை. கோபப்படவும் இல்லை. கட்டை வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அண்ணனைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

“இது இப்ப வேணாம் சார்” என்றார். “திருப்பி எழுதிட்டேன். நாலு வருசம் ஆச்சு. பொண்ணு கம்ப்யூட்டர்ல அடிச்சிக் குடுத்தா. செங்கல்பட்டுல ஒர்த்தர் புக்கா போடறேன்னு சொல்லிகீறாரு.”

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. அதனால்தான் கேட்டேன், பதினேழாவது அத்தியாயம் அப்படியே இருக்கிறதா என்று. அந்தப் படித்தவன், குனிந்தவன், அவன் எழுந்து அண்ணன் பின்னால் ஓடுவது.

அவர் மடியில் இருந்த கட்டை ஒரு தரம் தட்டிப் பார்த்தார்.

“இதுல ஓடுவான் சார். அப்ப அப்பிடித்தான் தோணிச்சு. ரெண்டாந்தபா எழுதறப்ப மூணு நாலு வாட்டி எந்திரிக்க வெச்சுப் பாத்தேன். அவன் எந்திரிக்கல.”

டீ வந்தது. குடித்தோம். மழை பற்றிப் பேசினார், ஏரி நிரம்பியதைப் பற்றிப் பேசினார். நான் கிளம்பும்போது கட்டை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, “நீங்களே வெச்சிக்கோங்க சார். பழசு தானே” என்றார்.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. கடையில் வாங்கினேன். நன்றாகப் போட்டிருந்தார்கள். பதினேழாவது அத்தியாயத்தில் அண்ணன் எதிரே நின்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறார். படித்தவன் காலில் இருக்கும் மணலைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். அடுத்த அத்தியாயம் வேறு ஆளைப் பற்றியது. அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லோருக்கும் அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான்.

அவன் எழுந்து ஓடுகிற ஆறு தாள்கள் என்னிடம் மட்டும் இருக்கின்றன. டிரிப் ஷீட்டின் மறுபக்கத்தில், அவருடைய சாய்ந்த எழுத்தில். யாரிடமாவது காட்ட வேண்டும் என்று அடிக்கடி தோன்றும். காட்டினால் அவை எப்படி என்னிடம் வந்தன என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.